கடாரமும் சோழ அரசின் கடவுளும்



சோழ மன்னன் இராசேந்திரனின் 'கடாரம் கொண்டான்' என்ற விருதுப்பெயரைக் கேட்டு மலேசியத் தமிழர் நெஞ்சம் பூரிப்பது இயல்பே. ஆயினும் வெல்லப்பட்ட அந்தக் கடாரம் இன்றைய கெடா என்பதும், அவர்கள் பிறந்து வாழும் நாட்டின் ஒரு பகுதியே அது என்பதும், அந்த வெற்றியைப் பாடியது அரசும் சமயமும் இணைந்து உருவாக்கிய ஒரு மொழி என்பதும் அப்பெருமிதத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை.

மன்னனின் வெற்றிகளை வரிசைப்படுத்திக் கல்வெட்டின் தொடக்கத்தில் பொறிக்கும் புகழுரைக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். அதை நிலையான வழக்கமாக்கியவன் 985இல் ஆட்சிக்கு வந்த, இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன். ஒரு சிற்றூர்க் கோயிலில் விளக்கெரிக்க ஆடுகள் விடப்பட்ட செய்தியானாலும், திருமகளைப் போலவே நிலமகளும் மன்னனுக்கு உரியவளானாள் என்ற அறிவிப்பும், அவன் கைக்கொண்ட நாடுகளின் பட்டியலும் முன்னே வந்து நிற்பதால், ஊர்தோறும் கோயிற் சுவரே அரசின் குரலாயிற்று. இதனோடு ஒப்பிட, பண்டைய அசீரியாவில் அசூர் என்னும் தெய்வமே உண்மையான அரசன் என்றும், முடி சூடியவன் அத்தெய்வத்தின் பதிலாள் என்றும் கொள்ளப்பட்டமையால், மன்னர்கள் தம் படையெடுப்புகளைத் தெய்வக் கட்டளையாகவே எழுதிவைத்தனர். சோழனோ ஒருபுறம் சிவனடியைத் தலையிற் சூடியவன் என்ற பொருளில் சிவபாதசேகரன் எனத் தன்னைத் தாழ்த்திக்கொண்டு, மறுபுறம் 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் இறைவனுக்கே இராசராசேச்சுரம் உடையார் என்று தன் பெயரைச் சூட்டினான். சேர பாண்டியரை வென்று கைப்பற்றிய செல்வத்திலிருந்து அக்கோயிலுக்குப் பொற்கலங்கள் வந்தன; ஈழத்து ஊர்களின் விளைவும் அதற்கே ஒதுக்கப்பட்டது. போரில் கிடைத்த பொருள் பூசைப் பொருளாகி, பூசை மீண்டும் அரசனின் புகழாயிற்று.

தோற்றவரின் தெய்வ உருவங்களும் இவ்வாறே கொண்டுவரப்பட்டன. பகைவரின் தெய்வச் சிலைகளை அசீரியர் தம் நகரங்களுக்குத் தூக்கிச் சென்றதை அவர்களுடைய அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களே காட்டுகின்றன. இராசேந்திரனின் மகன் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்தபோது, அங்கிருந்து ஒரு வாயிற்காவலர் சிலையைக் கொண்டுவந்தான். அதன் பீடத்தில், அது எந்த நகரை எறிந்து கொண்டுவரப்பட்டது என்பது தமிழிலேயே வெட்டப்பட்டுள்ளது. தன் நாட்டுக் கோயில் வாயிலைக் காத்து நின்ற உருவம், பிடித்தவனின் எழுத்தைக் காலடியில் தாங்கி நிற்கும் அக்காட்சியைக் கலை நயத்தோடு மட்டும் பார்த்துவிட்டு நகர எவராலும் இயலாது. இராசேந்திரன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்திலோ, சிவபெருமான் சண்டேசுவரரின் தலையில் தம் கையாலேயே மாலை சுற்றும் சிற்பம் உள்ளது. அடியவராகக் குனிந்திருக்கும் அவ்வுருவில் முடிசூடும் இராசேந்திரனையே ஆய்வாளர் பலர் காண்கின்றனர்.

இந்தக் கருத்துலகின் முழு விரிவும் கடாரத்தோடு சோழர் கொண்ட உறவில்தான் வெளிப்படுகிறது. கடாரத்தையும் ஆண்ட சிறீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பியபோது, சைவனாகிய இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை 1006ஆம் ஆண்டளவில் வழங்கினான். இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் உறுதிசெய்தான். லெய்டன் செப்பேடுகள் என்று இன்று வழங்குபவை அவையே. அதே இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்து, அவன் நகரின் வித்தியாதர தோரணத்தையும் மணிபதித்த வாயிலையும் கவர்ந்தது என்று மெய்க்கீர்த்தி பாடுகிறது. விகாரத்துக்கு ஊர் கொடுத்ததும் வாயிலைப் பெயர்த்ததும் ஒரே அரசக் கொள்கையின் இரு செயல்கள். உலகம் முழுவதற்கும் உரியவனே எல்லாச் சமயத்துக்கும் கொடையாளி ஆகலாம், எவர் செல்வத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அக்கொள்கை. வணிகப் போட்டியும் இப்படையெடுப்புக்குக் காரணம் என்பர். மெய்க்கீர்த்தி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1090இல், கடாரத்து அரசனின் தூதர் இருவர் சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களின் வரி விலக்கை உறுதிசெய்து தர வேண்டினர்; வேண்டுகோள் ஏற்கப்பட்டது. கடாரத்தரசன் எடுப்பித்த அப்பள்ளிகளை, அதைப் பதிவுசெய்த செப்பேடு இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்றே குறிக்கிறது.