அன்னக்கூடை கேட்ட அம்மா

(‘துன்பப்படுவோர்க்குத் தொண்டு நிறுவனங்கள் செய்யும் பெரிய உதவி: ஆபத்தில் ஓடி வருவதே! ஆண்டு முழுதும் உடனிருப்பதே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘ஆண்டு முழுதும் உடனிருப்பதே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “வீட்டுக்குள்ளே இடுப்பளவு தண்ணி நிக்குது. அப்பப் போயி உனக்கு சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவுன்னு பாத்துக்கிட்டு இருப்பியா, இல்ல சோத்துப் பொட்டலம் குடுப்பியா?”ன்னு கேட்டார். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்விதானே!

ஐயா, சோறு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணியிலே வருகிற பையனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. தண்ணி வடிஞ்சிருச்சு. பொட்டலம் கொண்டுவந்தவர் வேனில் ஏறிப் போயிட்டார். அப்புறம்?

என் கதையையே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி. அப்போது நான் கல்லூரியிலே இளம் ஆசிரியர். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு வேன் நிறைய ரொட்டியும் பழைய புடவையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். கடற்கரைக் குப்பங்களில் இருந்த சனமெல்லாம் முகாமிலே இருக்கிறது. ஒரு அம்மாவிடம் புடவையை நீட்டினேன். அந்த அம்மா அதை விரித்துப் பார்த்தது. ஜாக்கெட் கிடையாது. முந்தானையிலே கிழிசல்.

“இன்னா சார், இதக் கட்டினு நான் எங்க போப்போறேன்? வூட்ல இருந்த அன்னக்கூடைய அல வாரினு போய்ட்ச்சு. ஒரு அன்னக்கூடை வாங்கிக் குடு சார். காசிமேட்ல மீன் எடுத்து வித்துப் பொழச்சுக்குறேன்.”

மீன்காரம்மா தலையிலே வைத்துக்கொண்டு வருமே, அந்த அலுமினிய அன்னக்கூடை. அதுதான் அவருக்குக் கடை, அலுவலகம், எல்லாம். நான் எம்.ஏ. படித்தவன், அன்றைக்கு முனைவர் பட்ட ஆய்வு நடத்திக்கொண்டிருந்தவன். எனக்குத் தோன்றவில்லை ஐயா, இந்த அன்னக்கூடை! “அடுத்த வாரம் கொண்டாறேம்மா”ன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

சுனாமிக்கு நிவாரணம் வரவில்லையா? வந்தது. உலகம் முழுதும் இருந்து வந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை எதிரணியினர் கேட்க வேண்டும். கரையிலே இருந்தவர்களைக் கடலை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் எர்ணாவூர்ப் பக்கம் குடிவைத்தார்கள். தொழில் போய்விட்டது. கடன் ஏறிவிட்டது. 2007-ஆம் ஆண்டு ஜனவரியிலே பத்திரிகையிலே ஒரு செய்தி வந்தது. அந்தக் குடியிருப்பிலே இருந்த பெண்கள் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. சில பத்தாயிரம் ரூபாய்க்காக. அதிலும் தரகன் எடுத்துக்கொண்டது போக மிச்சம். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

(அரங்கில் அமைதி)

ரொட்டி கொடுத்தோம், புடவை கொடுத்தோம், போர்வை கொடுத்தோம். இரண்டு வருடம் கழித்து அந்தத் தாய் வயிற்றைக் கீறி விற்கும்போது பக்கத்திலே யார் இருந்தோம்?

எதிரணியிலே அம்மையார் ஒருவர் பழைய வசனம் ஒன்றைச் சொன்னார். “மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக் கொடு என்று உங்கள் அணி சொல்கிறது, பசியோடு இருப்பவனுக்குப் பாடம் எதற்கு?” என்றார். அம்மா, இந்த வசனத்தை ராயபுரத்துக்குத் தெற்கே எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். காசிமேட்டிலே போய்ச் சொல்லிவிடாதீர்கள்! “எனக்கா மீன் புடிக்கக் கத்துக் குடுக்கப் போறே?”ன்னு துடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவான். (சிரிப்பு, கைதட்டல்) பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அவனுக்குத் தெரியும். தண்ணியிலே மீன் இருக்கிறதா? அதுதானே இப்போது கேள்வி!

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையிலே தார் மாதிரி ஒதுங்கிக் கிடந்த எண்ணெயை நம் பிள்ளைகள் வாளியிலே அள்ளினார்கள். நிலாவுக்கு ராக்கெட் விட்ட நாடு ஐயா, வாளியிலே அள்ளினோம்! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலே மறுபடியும். இந்தத் தடவை கடலிலிருந்து வரவில்லை. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயிலே இறங்கி, எண்ணூர்க் கழிமுகத்திலே போய்ப் பரவியது. படகு கறுப்பு, வலை கறுப்பு, அலையாத்தி மரம் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி, காலையிலே சுனாமியிலே போனவர்களுக்குக் கடலிலே பாலும் பூவும் விட்டார்கள். நள்ளிரவு நெருங்குகிற நேரத்தில் பெரியகுப்பத்திலே அமோனியா கசிந்து, கண் எரிய, மூச்சுத் திணற, தூங்குகிற பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியிலே சேர்த்தார்கள்.

எண்ணெய்க்கு அரசு நிவாரணம் கொடுத்தது. மறுக்கவில்லை. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, படகு 787-க்குத் தலா 10,000. ஆனால் கறுத்துப்போன வலை ஒன்றைப் புதிதாக வாங்கிப் பாருங்கள், அந்தக் காசு எந்த மூலைக்குக் காணும் என்று தெரியும். முகத்துவாரத்திலே கையாலே தடவி இறால் பிடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. சேற்றுக்குள்ளே கை விட்டால்தான் சோறு. அந்தச் சேற்றிலே எண்ணெய். தோல் அரிக்கிறது. இந்த அரிப்புக்கு ஒருநாள் முகாம் போட்டுக் களிம்பு கொடுத்தால் போதுமா? ஆறு மாதம் கழித்து வந்து பார்க்க ஆள் வேண்டாமா?

ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை நண்பர் என்னிடம் காட்டினார். பெயர் வேண்டாம். வெள்ள நிவாரணத்துக்குப் பக்கம் பக்கமாகப் படம். ஒரு அரிசி மூட்டை, அதைப் பிடித்துக்கொண்டு பதினோரு பேர்! (சிரிப்பு) வாங்குகிற பாட்டி முகம் தெரியவே இல்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், ஓரமாக ஒரு வரி: “சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர்.” வருடம் பூராவும் வெயிலிலே நடந்த பெண்ணுக்கு ஒரு வரி ஐயா! எந்த வீட்டுக் கிழவிக்கு இன்சுலின், எந்த வீட்டுப் பெண்ணுக்கு இது ஒன்பதாம் மாதம் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். வெள்ளம் வந்தால் படகை எந்தச் சந்திலே முதலில் விட வேண்டும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். எதிரணியினர் பொட்டலம் கொண்டுவந்தாலும் எங்கள் அணிக்காரி வழிகாட்டினால்தான் போய்ச் சேரும்!

வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வியாசர்பாடியிலே டாக்டர் திருவேங்கடம். 2 ரூபாயிலே தொடங்கி 5 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தவர். பழைய வண்ணாரப்பேட்டையிலே டாக்டர் ஜெயச்சந்திரன். அவரும் 5 ரூபாய் டாக்டர்தான். ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரிலும், திருவேங்கடம் 2020 ஆகஸ்டிலும் மறைந்தார்கள். பேரிடர் வந்த நாளில் மட்டும் கடை திறந்தவர்களா அவர்கள்? தினமும் திறந்திருந்தார்கள். அதனாலேதான் மறைந்தபோது தெருவே அழுதது.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம் ஐயா, அன்னக்கூடை பாக்கி இருக்கிறது.

அடுத்த வாரம் என்று சொன்னேன் அல்லவா? பரீட்சை வந்துவிட்டது, விடைத்தாள் திருத்தம் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துத்தான் பாரிமுனையிலே பாத்திரக்கடையில் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா அங்கே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எங்கே என்று சொல்ல ஆளில்லை. பெயரைச் சொல்லித் தேடலாம் என்றால், நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அன்னக்கூடையைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் என் வீட்டம்மா அதிலேதான் துணி ஊறப் போடுகிறார்.