நீரிற் புரளும் தோள்கள்



நீச்சலைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டபோது சிறிது தயங்கினேன். நான் பல்கலைக்கழகத்திற் பயின்றவை தமிழும் வரலாறுமே, உடற்கல்வி அன்று. எனினும் கடலோரக் கிராமமொன்றிற் பிறந்து, நடக்கப் பழகிய சில ஆண்டுகளுக்குள் நீந்தவும் பழகியவன் நான். அதிபராகிய பின்னரும் மாணாக்கரை வாரத்தில் இரு நாட்கள் கடலுக்கு அழைத்துச் செல்கின்றேன். இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. நீச்சலில் ஒரு விடயத்தை நான் பல ஆண்டுகளாகப் பிழையாகவே கற்பித்து வந்தேன். அதனால் ஒரு பிள்ளைக்குத் துன்பமும் விளைந்தது. அதைச் சொல்லவே இவ்வொலிவாங்கியின் முன் வந்திருக்கின்றேன்.

குப்புறக் கிடந்து, இரு கைகளையும் மாறி மாறி நீருக்கு மேலே வீசி, கால்களை மேலுங் கீழுமாக அடித்துச் செல்லும் நீச்சலை நீங்கள் அறிவீர்கள். போட்டிகளில் இதனைப் பிறீஸ்டைல் என்பர். உண்மையில் அப்பெயர் ஒரு நீச்சல் முறையின் பெயரன்று. விரும்பிய முறையில் நீந்தலாம் என்னும் போட்டி விதியின் பெயராகும். ஆயினும் குப்புற நீந்தும் இம்முறையே யாவற்றினும் விரைவானது என்பதால், வேறெதையும் எவரும் தெரிந்தெடுப்பதில்லை. இம்முறையில் நீந்துவோனின் உடல் ஒருபோதும் மட்டமாகக் கிடப்பதில்லை. வலக்கை முன்னே நீளும்போது இடத்தோள் மேலெழுகின்றது. இடக்கை நீளும்போது வலத்தோள் எழுகின்றது. முள்ளந்தண்டை அச்சாகக் கொண்டு உடல் இப்புறமும் அப்புறமும் புரண்டுகொண்டே முன்னேறுகின்றது. நம் வீடுகளில் தயிர் கடையும் மத்தை நினைத்துப் பாருங்கள். கயிற்றின் இழுப்புக்கு ஏற்ப அது வலமும் இடமும் சுழல்கின்றது. ஆனால் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. நீந்துவோனின் முள்ளந்தண்டும் அத்தகைய மத்தே. அது நிமிர்ந்து நிற்பதற்குப் பதிலாக நீரிற் படுத்துக் கிடக்கின்றது, அவ்வளவுதான் வேறுபாடு.

வரலாற்று மாணவன் என்ற முறையில் இந்நீச்சலின் பழைய கதையைச் சற்றுச் சொல்ல விரும்புகின்றேன். 1844ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் நீந்திக் காட்டினர். அவர்கள் கைகளைக் காற்றாலையின் சிறகுகள்போல் வீசி, நீரைக் கலக்கி, வெகு விரைவாகச் சென்றனர். ஆங்கிலேயர் கண்டு வியந்தனர். ஆனால் அதனை நாகரிகமற்றதெனக் கருதி, தமது மார்பு நீச்சலையே தொடர்ந்து பழகினர். வேகம் கண்முன்னே நின்றது; மதிப்பு வேறிடத்தில் நின்றது. பின்னர் 1873ஆம் ஆண்டளவில் ஜோன் திறட்ஜன் என்னும் ஆங்கிலேயர் தென் அமெரிக்காவிலே தாம் கண்ட கைவீச்சை இங்கிலாந்திற் செய்து காட்டினார். அவருடைய நீச்சலில் உடல் பக்கத்துக்குப் பக்கம் நன்றாகப் புரண்டது. கால்கள் மட்டும் கத்தரிக்கோல்போல விரிந்து மூடின. கால்களை மேலுங் கீழுமாக அடிக்கும் முறையோ பசுபிக் தீவுகளின் கொடை. சொலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்ற சிறுவனின் நீச்சலைக் கண்டு, அவன் நீரின்மேல் தவழ்கிறான் என்று ஒரு பயிற்சியாளர் வியந்ததாகவும், அதனாலேயே இதற்குத் தவழ்நீச்சல் என்ற பெயர் வந்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. அத்தீவினர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததையே உலகம் புதுமையெனக் கொண்டாடியது.

1922ஆம் ஆண்டில் ஜோனி வைஸ்முல்லர் 100 மீற்றரை 58.6 செக்கனில் நீந்தி, ஒரு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்தார். பிற்காலத்திலே தார்சனாக வெள்ளித்திரையில் தோன்றியவர் அவரே. தலையையும் மார்பையும் உயர்த்தி, நீரின் மேற்பரப்பில் ஏறிச் செல்பவர்போல் அவர் நீந்தினார். எம் தந்தையார் காலத்து இளைஞர் அப்படங்களைக் கண்டுவிட்டுத் தலையை நிமிர்த்தி நீந்தினர். அவர்களைக் கண்டு நாமும் அவ்வாறே நீந்தினோம். வைஸ்முல்லரின் தோள்வலிமை நமக்கு இல்லை என்பது மாத்திரம் எவர் நினைவுக்கும் வரவில்லை. நெடுங்காலத்தின் பின், 1992ஆம் ஆண்டிலும் 1996ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக்கில் 50 மீற்றர், 100 மீற்றர் ஆகிய இரு போட்டிகளையும் வென்ற இரஷ்யர் அலெக்சாந்தர் பொப்போவின் நீச்சலைத் தொலைக்காட்சியிற் கண்டேன். அவர் அவசரமின்றிச் செல்வதுபோலவே தோன்றியது. ஏனையோர் அவருக்குப் பின்னால் நுரையெழுப்பிக்கொண்டிருந்தனர். அவருடைய உடல் ஒவ்வொரு வீச்சுக்கும் புரண்டதைக் கண்டும் நான் அதன் பொருளை உணரவில்லை. கண்டது கண், கருத்து உறங்கிக்கிடந்தது.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

பலகைபோற் கிடவுங்கள் என்பதே பல ஆண்டுகளாக நான் மாணாக்கருக்கு இட்ட கட்டளை. உடல் ஆடினால் நீர் தடுக்கும், ஆடாமற் கிடந்தால் நீர் வழிவிடும் என்று எண்ணினேன். பதினைந்து வயது மாணவன் ஒருவன் இக்கட்டளையை எழுத்துப் பிசகாமற் பின்பற்றினான். மார்பும் வயிறும் கடலின் அடியை நோக்கியபடியே இருக்க, கைகளை மாத்திரம் சுழற்றி நீந்தினான். மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் அவனுக்கு வலத்தோளில் நோவு கண்டது. சட்டை அணியவும் கையை உயர்த்த முடியாத நிலை. மருத்துவர் கடலுக்குச் செல்லலாகாதென்று தடுத்துவிட்டார். அவனுடைய தாயார் பாடசாலைக்கு வந்து, “ஐயா, நீங்கள் சொன்னபடிதானே பிள்ளை நீந்தினவன்” என்றார். குறை கூறும் நோக்கம் அவருக்கு இல்லை. மகன் சோம்பியிருந்து நோவை வருவித்துக்கொண்டவன் அல்லன் என்பதை நிறுவவே அவ்வாறு சொன்னார். எனக்கு அது வேறு விதமாகக் கேட்டது.

அவ்வாரம் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் என்னுடன் கரைக்கு வந்து, எஞ்சிய மாணவர் நீந்துவதை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர் ஒன்று கேட்டார்: நோவில்லாத பிள்ளைகள் எல்லாரும் உங்கள் சொல்லைக் கேளாதவர்கள்தாமே? உண்மை அதுவே. அடங்காத பையன்கள் தம் உடல் விரும்பியவாறு புரண்டு நீந்தினர். அவர்களுக்குத் தோள்நோவு இல்லை. சொற்கேட்ட பிள்ளையே காயமுற்றான். முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் இதனினும் கசப்பான பாடம் எனக்குக் கிட்டியதில்லை.

காரணத்தை அவர் மணலிற் கோடு கீறி விளக்கினார். உடல் மட்டமாகக் கிடக்கும்போது கையை நீரினின்று எடுத்து முன்னே கொண்டுசெல்ல வேண்டுமாயின், அதனை முதுகுக்குப் பின்னே முறுக்கி உயர்த்த வேண்டும். தோள்மூட்டின் மேலுள்ள எலும்புக்கும் புயவெலும்பின் தலைக்கும் இடையே ஒடுங்கிய வழியொன்று உண்டு. அதனூடே தசைநாண் செல்கின்றது. ஒவ்வொரு முறுக்கிலும் அது நெரிபடுகின்றது. ஒருவன் 25 மீற்றருக்கு 20 தடவை கைவீசுகின்றான் என்று கொள்வோம். ஒரு கிலோமீற்றருக்கு 800 தடவை. ஒரு தோளுக்கு 400 நெரிவுகள். மேல்நாட்டு மருத்துவர் இந்நோவுக்கு நீந்துவோர் தோள் என்றே பெயரிட்டிருக்கின்றனர். உடல் புரளுமாயின் அத்தோள் தானாகவே நீருக்கு மேலே வந்துவிடும். கை முறுக்கப்படாமல் முழங்கையை மடித்து இலகுவாகச் செல்லும்.

புரள்வதால் வரும் பயன் அத்துடன் முடிவதில்லை. வானொலிப் பெட்டியின் அருகில் இருப்போர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். சுவரை நோக்கி நேராக நின்று, தோள்களை அசைக்காமல் ஒரு கையை உயர்த்துங்கள். விரல்நுனி எட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இடுப்பையும் தோளையும் சற்றுத் திருப்பி, அக்கையை மீண்டும் உயர்த்துங்கள். உயரத்தட்டிலுள்ள ஊறுகாய்ச் சாடியை எடுக்கும் எந்தத் தாயும் இவ்வாறுதான் எட்டுகின்றார். சில அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். நீரில் ஒவ்வொரு வீச்சுக்கும் அச்சில அங்குலம் நமக்கு இலாபம். அதுமட்டுமன்று. கிணற்றில் வாளியை இழுப்பவர் முழங்கைக்குக் கீழுள்ள பலத்தால் மாத்திரம் இழுப்பாரோ? முதுகும் இடுப்பும் சேர்ந்தே இழுக்கின்றன. புரளும் உடலில் நீரை இழுக்கும் வேலை முதுகின் பெருந்தசைகளுக்குச் செல்கின்றது. மட்டமான உடலில் அது தோளின் சிறுதசைகளிலேயே தங்கிவிடுகின்றது.

இவ்வாறு புரட்டுவதற்குப் பெருமுயற்சி வேண்டுமோ என்று கேட்கலாம். பெரும்பகுதியை நீரே செய்துவிடுகின்றது. கை நீருக்கு வெளியே இருக்கும்போது அதன் பாரத்தை நீர் தாங்குவதில்லை. தாங்கப்படாத அப்பாரமே உயர்ந்த தோளை மீண்டும் கீழே இறக்குகின்றது; மறுதோள் எழுகின்றது. ஆர்க்கிமிடீசின் விதியைப் பத்தாம் வகுப்பிற் பாடமாக்கிய நான், அது என் தோளிலேயே நிகழ்வதை ஐம்பது வயதிலேதான் அறிந்தேன்.

பலகை என்ற உவமையில் உண்மை சிறிதும் இல்லையென்று சொல்லவில்லை. தலை முதல் குதிகால் வரை உடல் நீளவாக்கில் நேராக இருத்தல் வேண்டும்; கால்கள் தாழ்ந்தால் வள்ளத்தின் பின்புறம் அமிழ்ந்ததுபோலாகும். ஆனால் நேராக இருப்பது வேறு, மட்டமாக இருப்பது வேறு. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே என் பிழை.

மிகையும் கூடாது. புதிய உண்மையைக் கேட்ட ஆர்வத்தில் சில பிள்ளைகள் முழுவதும் பக்கவாட்டிற் சாய்ந்துவிட்டனர். அப்போது சமநிலை குலைந்து, கால்கள் அகல விரிந்தன. முன்னே நீண்ட கை தலையைக் கடந்து மறுபுறம் சென்றது. படுத்திருக்கும் மட்டத்திலிருந்து ஒரு செங்கோணத்தின் பாதியளவு தோள் திரும்பினாற் பெரும்பாலும் போதும். இடுப்பு அதனினும் குறைவாகவே திரும்பும். விரைவோட்டத்தில் இத்திருப்பம் இன்னுங் குறையும். நெடுந்தூர நீச்சலிற் சற்று மிகும்.

மூச்சைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் சிறுபிள்ளைகள் அஞ்சுவது இதற்கே. காற்றைத் தேடித் தலையை முன்னே உயர்த்துகின்றார்கள். தலை எழுந்தவுடன் கால் அமிழ்கின்றது. கால் அமிழ்ந்தவுடன் அச்சம் மிகுகின்றது. அச்சத்தில் தலையை மேலும் உயர்த்துகின்றார்கள். கரையிலிருந்து பத்து முழத்திற்குள் பிள்ளைகள் களைத்துத் தத்தளிப்பது இவ்வாறே. தலையைத் தூக்கத் தேவையில்லை. உடல் புரளும்போது முகமும் அதனுடன் சேர்ந்து திரும்பட்டும். முன்னேறும் தலை நீரைச் சிறு அலையாகத் தள்ளுவதால், கன்னத்தின் அருகே ஒரு பள்ளம் உண்டாகின்றது. வாய் அப்பள்ளத்திற்குள் வருகின்றது. ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கலாம். மூச்சை வெளிவிடும் வேலையை முகம் நீருள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மூச்செடுக்காத வீச்சுகளில் உடல் புரள, தலை அசையாது கீழ்நோக்கியே இருக்கும்.

இதனைப் பழக்குவதற்கு நாங்கள் இப்போது கையாளும் முறை எளியது. கற்பாருக்கு உட்புறத்தே, மார்பளவு நீரில், பெரியவர் ஒருவர் நீருள் நிற்க, பிள்ளை ஒரு கையை முன்னே நீட்டி, மறுகையைத் தொடையோடு சேர்த்து, பக்கவாட்டிற் சாய்ந்து கால் அடிக்கும். ஆறு தடவை அடித்தபின் ஒரு வீச்சு. உடல் மறுபக்கம் புரளும். மீண்டும் ஆறு. முதல் இரு நாட்களும் மூக்கில் உப்புநீர் ஏறி எல்லாரும் என்னைச் சபிப்பார்கள். மூன்றாம் நாள் அமைதி வந்துவிடும். பெரியவர் இல்லாத வேளையில் எவரும் நீரில் இறங்கலாகாது என்பதில் மாத்திரம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயர் தெரியும். 1971ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கும் 51 மணித்தியாலத்தில் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தவர் அவர். அத்துணை நேரத்தில் ஒரு தோள் எத்தனை ஆயிரம் தடவை சுழன்றிருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னால், பிள்ளைகள் கணிதபாடத்தில் காட்டாத ஊக்கத்தை அங்கே காட்டுகின்றனர்.

அந்த மாணவன் அவ்வாண்டுப் போட்டிக்குச் செல்லவில்லை. நான்கு மாதங்களின் பின் மருத்துவரின் அனுமதியுடன் மீண்டும் கடலுக்கு வந்தான். என் பழைய கட்டளை பிழையென்று மற்ற மாணவர் முன்னிலையில் அவனிடம் கூறினேன். அவன் நாணித் தலைகுனிந்தானேயன்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆண்டு மூன்றாம் இடம் பெற்றான். இப்பொழுது சிறுவருக்குப் பக்கவாட்டிற் கால் அடிக்கும் பயிற்சியை அவனே நடத்துகின்றான். அவர்களுடன் வரிசையில் நானும் நிற்பதுண்டு; வலப்பக்கம் மூச்செடுக்க எனக்கு நன்றாக வருகின்றது, இடப்பக்கம் புரளும்போது இன்னும் தலையை உயர்த்திவிடுகின்றேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கின்றான்.