ஒரு காது மட்டும் மந்தமானால்

இன்று நாம் அபூர்வமான ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். ஓராண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கே அது புதிதாகக் கண்டறியப்படுகிறது. அப்படியானால் நமக்கு அந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதன் அடையாளங்களை நாம் வேறொன்றாக எண்ணிவிடுகிறோம் என்பதே காரணம்.

காதிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது நரம்புக்கு இரண்டு வேலைகள். ஒன்று கேட்பது, மற்றொன்று உடல் சாயாமல் நிலைநிறுத்துவது. மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு. அவ்வுறையிலுள்ள ஷ்வான் அணுக்கள் சில வேளைகளில் அளவு மீறிப் பெருகி, மண்டையோட்டுக்குள் கட்டியாகின்றன. இது புற்றுநோயன்று, வேறு உறுப்புகளுக்குப் பரவாது. பெரும்பாலும் மிக மெதுவாக வளரும். வளராமலே நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் மண்டையோட்டுக்குள் இடம் குறைவு. கட்டி பெருத்தால் மூளைத்தண்டை நெருக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

அடையாளங்கள் எவை? ஒரு காது மட்டும் சிறுகச் சிறுக மந்தமாகும். அதே காதில் ஓயாத இரைச்சல் இருக்கும். தொலைபேசியை அந்தக் காதில் வைத்தால் குரல் கேட்கும், சொல் விளங்காது. விடியுமுன் இருட்டில் நிரைக்குள் நடக்கையில் கால் தள்ளாடும். வீட்டில் "வயதாகிவிட்டது" என்பார்கள். பெரட்டில் "காலையிலேயே குடித்துவிட்டான்" என்பார்கள். இந்தப் பேச்சுக்கு அஞ்சியே நோயை மறைப்பவர் உண்டு.

காது மந்தத்திற்குக் குறும்பி, சீழ், எந்திரச் சத்தம் போன்ற சாதாரணக் காரணங்களே மிகுதி. ஆகவே பயப்பட வேண்டாம். காய்ச்சிய எண்ணெயும் ஊற்ற வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, காது மூக்குத் தொண்டை மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். திடீரென ஒரு காது அடைத்துச் செவிடானால் அன்றே போக வேண்டும்.

மருத்துவர் இரு காதுகளின் கேட்கும் திறனையும் தனித்தனியே அளப்பார். வேறுபாடு மிகுந்தால் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் எடுப்பார்கள். சில மில்லிமீட்டர் கட்டியும் அதில் தெரியும். ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைப் பிரிவு உண்டு.

சிகிச்சை மூவகை. கட்டி சிறிதானால் அறுக்காமல், குறித்த காலத்தில் படமெடுத்துக் கண்காணிப்பார்கள். சிலருக்குக் குறிபார்த்துக் கதிர் செலுத்துவார்கள். சுவீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல்லின் காமாக் கதிர்க் கருவி 1968இல் செயலுக்கு வந்தது. பெரிய கட்டிக்கு அறுவை தேவை. ஒரு காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை. அமெரிக்கரான ஹார்வி குஷிங் 1917இல் இக்கட்டியைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1960களில் வில்லியம் ஹவுஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு அறுவை செய்யத் தொடங்கியபின் ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. போன செவிப்புலன் பெரும்பாலும் திரும்பாது. முகத்தை அசைக்கும் நரம்பு கட்டியை ஒட்டியே செல்வதால், பெரிய கட்டியை எடுக்கும்போது முகம் கோணவும் கூடும். சிறிதாயிருக்கையில் கண்டால் இவ்விரண்டையும் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

இளவயதில் இரு காதுகளிலும் இக்கட்டி வந்தால் அது பரம்பரை நோயாக இருக்கலாம். உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்றிரவே வீட்டில் ஒவ்வொருவரும் தொலைபேசியை ஒரு காதிலும் பின்பு மறு காதிலும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் கிளினிக்குக்குப் புறப்படுங்கள். தள்ளாடி நடப்பவரைக் கண்டால், ஏசுமுன் காது கேட்கிறதா என்று விசாரியுங்கள்.