பொன்னாங்கண்ணி: பாதி சொன்ன பாடம்



பெரிய முதலியார்சாவடியில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிள்ளைகளை வாய்க்கால் ஓரம் அழைத்துப்போய்ப் பொன்னாங்கண்ணியைக் காட்டினேன். தரையோடு படரும் தண்டு, கணுக்களில் வேர், இலைக்கோணத்தில் சின்ன வெள்ளைப் பூ. "கண்ணுக்கு நல்லது" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன்.

மறுநாள் ஒரு மாணவன் கண் சிவந்து, வீங்கி வந்து நின்றான். தூசி விழுந்த கண்ணில் இலையைக் கசக்கிப் பிழிந்திருக்கிறான். "நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றான்.

அவன் அம்மாவுடன் கண் மருத்துவரிடம் ஓடினோம். நல்லவேளை, பார்வைக்குச் சேதமில்லை. "கருவிழியில் கீறல் இருந்து, இலைச்சாற்றுக் கிருமி சேர்ந்தால் புண்ணாகும். தழும்பு விழுந்தால் பார்வை மங்கும்" என்றார் அவர்.

நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாடம் இதுதான். பொன்னாங்கண்ணி சாப்பிட வேண்டிய கீரை. கண்ணில் விடும் மருந்தல்ல. கீரையிலுள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்; அதனால் தாளித்துப் பொரியலாகவோ கூட்டாகவோ சாப்பிடுவது நல்லது. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். அதைத் தடுக்கவே 1970 முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் தரப்படுகிறது.

பொழுது சாயும்போது விளையாட்டில் தடுமாறும் பிள்ளையைக் கவனியுங்கள். கீரை சாப்பிடச் சொல்வதோடு நிறுத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பிவையுங்கள். மூலிகையைக் காட்டும்போது, எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.