எட்ட நின்று காணல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை அரங்கேறும் மேடையில் ஒளிப்படம் பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். நான் கவிஞனல்லன்; ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன்; உங்கள் கவிதைகளைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு வருபவன். ஆயினும் சில ஆண்டுகளாகக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், உறுப்பினர் பலரும் என்னிடம் ஒரே வினாவைக் கேட்கிறார்கள்: "பறவைகளைப் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?" அவ்வினாவுக்கு இன்று இம்மேடையிலேயே விடை சொல்லிவிடுமாறு செயலாளர் பணித்தார். சொல்கிறேன். அத்துடன், நீங்கள் கேளாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் வில்லையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

இலக்கியமும் இயற்கை ஒளிப்படமும் ஒரே வீட்டில் வளர்ந்த கதை நம் தமிழகத்திலேயே உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர். யானைகளையும் மான்களையும் கருப்பு வெள்ளையில் பதிந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் மறையும் வரை எழுதியவர். விலையுயர்ந்த கருவிகளை நாடாமல், வெவ்வேறு உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்துக்கொண்ட கனத்த கருவியைச் சுமந்து காட்டில் நடந்தவர் அவர். அவரை நினைவில் வைத்துக்கொண்டால், 'பணம் இருந்தால்தான் படம்' என்ற அச்சம் நீங்கும்.

இனி வில்லைக்கு வருவோம். கடைக்காரர் 'லென்ஸ்' என்பதைப் பாடநூல் 'வில்லை' என்கிறது. அதன் மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று குவியத் தொலைவு, மில்லிமீட்டரில் இருக்கும். மற்றொன்று ஒளி புகும் துளையின் அளவு. துளையின் எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெரிது. 5.6 என்ற எண்ணுள்ள துளை விடும் ஒளியைப்போல் இருமடங்கு ஒளியை 4 என்ற எண்ணுள்ள துளை விடும். விடியலிலும் அந்தியிலும் பறவை பார்ப்பவனுக்கு அந்த இருமடங்கு பெரிய செல்வம். ஆனால் விலையும் எடையும் அதனோடு கூடவே ஏறும்.

குவியத் தொலைவின் பொருளை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஆசிரியனின் பழக்கம், பொறுத்தருள்க. ஒரு சாண் நீளமுள்ள, அதாவது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அளவுள்ள பறவை, நமக்குப் பத்து மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கிறது. 50 மில்லிமீட்டர் வில்லையில் அதன் உருவம் கருவியினுள் ஒரு மில்லிமீட்டர் அளவே விழும். 400 மில்லிமீட்டர் வில்லையில் எட்டு மில்லிமீட்டர் விழும். சிறிய வில்லையை வைத்துக்கொண்டே அந்த எட்டு மில்லிமீட்டரைப் பெற வேண்டுமானால் பறவைக்கு ஒன்றேகால் மீட்டர் அருகில் செல்ல வேண்டும். எந்தப் பறவை அதற்கு இசையும்? ஆகவே வில்லையை வாங்கும்போது நாம் வாங்குவது உருப்பெருக்கத்தை என்று எண்ணுகிறோம். உண்மையில் வாங்குவது தொலைவை. ஓர் உயிரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க நமக்கு வசதி கிடைக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள்.

இதை மனத்தில் கொண்டால் தேர்வு எளிதாகும். மலை, அருவி, வயல், வானம் இவற்றை எடுக்கக் கருவியோடு வரும் 18 முதல் 55 வரையிலான வில்லையே போதும். பறவைக்கு 300 மில்லிமீட்டர் தொடக்கம், 400 நிறைவு. உள்ளே படம் விழும் தகடு சிறியதாக அமைந்த கருவிகளில், 300 மில்லிமீட்டர் வில்லை ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் வில்லைக்குரிய பரப்பையே காட்டும். தொடக்கக் கருவி வைத்திருப்போருக்கு அது ஆதாயமே. வண்ணத்துப்பூச்சிக்கும் சிலந்திக்கும் 'மேக்ரோ' வில்லை வேண்டும். அதிலும் 60ஐ விட 100 மில்லிமீட்டர் நல்லது. அதே அளவு உருவத்தை இன்னும் சற்று விலகி நின்று பெறலாம். பொருள் வசதி குறைந்தவர்கள் 50 மில்லிமீட்டர் வில்லையைத் திருப்பிப் பொருத்தும் வளையம் ஒன்றை வாங்கினால், பூவின் மகரந்தத்தைக்கூடக் காணலாம்.

நீண்ட வில்லை சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். 400 மில்லிமீட்டர் வில்லையைக் கையில் பிடித்து எடுப்பதானால் நொடியில் நானூறில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஒளியை விடலாகாது என்பது பழைய விதி. நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்புள்ள வில்லைகள் வந்துவிட்டபோதிலும், முக்காலியோ, பயறு நிரப்பிய துணிப்பையோ உடன் இருப்பது நலம். பழைய வில்லை வாங்குவோர் அதனூடே விளக்கொளியைப் பாய்ச்சிப் பாருங்கள். உட்புறத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் விலகி வந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உங்கள் வில்லைக்கும் அந்நிலை நேரலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

கேட்ட வினாவுக்கு விடை இவ்வளவே. கேளாததை இனிச் சொல்கிறேன்.

நான் கருவி வாங்கிய முதற்கோடையில் என்னிடம் இருந்தது அதனோடு வந்த சிறிய வில்லை ஒன்றுதான். எங்கள் ஊர்க் குளம் வற்றிக் கிடந்தது. கரையோரச் சரளையில் ஆட்காட்டிப் பறவை முட்டையிட்டிருந்தது. கூடு என்று தனியாக ஒன்றும் இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவே சிறு குழி. அதில் கல்லின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். எட்ட நின்று எடுத்தேன். படத்தில் வெறும் கல்தான் தெரிந்தது. நெருங்கினேன். இன்னும் நெருங்கினேன். முடிவில் முட்டைகளுக்கு இரண்டடி தூரத்தில் குந்தி அமர்ந்திருந்தேன். தாயும் தந்தையும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கதறின. முற்பகல் பதினொரு மணி வெயில். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அங்கே இருந்தேன். கடும் வெயிலில் அப்பறவைகள் முட்டைக்கு நிழலாக நிற்கும் என்பதும், நீரில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று இன்று கேட்டுக்கொள்கிறேன். உறுதியாகச் சொல்ல இயலவில்லை. படத்தின் மீதான ஆசை அத்தகையது.

படம் அழகாக வந்தது. அன்று மாலையே கைபேசியில், நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ள ஒரு குழுவில் அதைப் பகிர்ந்தேன். குளத்தின் பெயரை எழுதினேன். எந்த மடைக்கு அருகே, எந்தப் பனைக்கு நேரே என்பதையும் பெருமையோடு எழுதினேன். பாராட்டுகள் குவிந்தன. அவ்வாரத்திலேயே வெளியூரிலிருந்து சிலர் வந்து சென்றதாகக் கேள்வியுற்றேன். பத்தாம் நாள் மீண்டும் சென்றேன். குழி இருந்தது. முட்டைகள் இல்லை. சுற்றிலும் மனிதக் காலடித் தடங்கள். நாயின் தடங்களும் இருந்தன. எடுத்தது காக்கையா, கீரியா, நாயா, மனிதனா என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் வழி காட்டியவன் யார் என்பதில் ஐயம் இல்லை.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆட்காட்டி ஆளக் காட்டிக் குடுக்கும்பாவ. நீங்க ஆட்காட்டியவே காட்டிக் குடுத்துட்டியளே, சார்."

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். அப்பறவையின் பெயருக்கு அன்றுதான் பொருள் விளங்கிற்று. அப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எவருக்கும் காட்டுவதில்லை. இன்றும் கொண்டுவரவில்லை.

ஈராண்டு கழித்துப் பழைய 300 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை வாங்கினேன். மற்றொரு கோடையில், வேறு ஓரிடத்தில், வேறோர் இணை முட்டையிட்டிருக்கக் கண்டேன். இம்முறை இருபத்தைந்து மீட்டர் தள்ளி, உடைமரத்தின் அடியில் அமர்ந்தேன். பறவை ஒருமுறை குரல் கொடுத்தது. பிறகு என்னை மறந்துவிட்டது. எஞ்சியிருந்த சேற்றுக் குட்டைக்குச் சென்று, வயிற்றை நனைத்து, மெல்ல நடந்து வந்து முட்டைகளின் மேல் அமர்ந்தது. அந்நிலையில் எடுத்தேன். படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கே பறவை. மற்றதெல்லாம் வெடித்த குளத்தரையும் கானலும் தொலைவில் ஒற்றைப் பனையும்.

முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பல நாள் பார்த்த பின்னரே புரிந்தது. முன்பு எடுத்த படத்தில் முட்டை மட்டுமே இருந்தது; அது எந்த ஊரிலும் எந்த நாளிலும் எடுத்ததாக இருக்கலாம். இப்படத்தில் நிலம் இருந்தது, பொழுது இருந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், புள்ளும் மரமும் கருப்பொருள் என்றும் நம் இலக்கணம் வகுத்ததை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! முதற்பொருளை வெட்டி எறிந்துவிட்டுக் கருப்பொருளை மட்டும் பிடிக்க முயன்றிருக்கிறேன். விலகி நின்றதால் பறவை தன் வேலையைச் செய்தது. விலகி நின்றதால் திணையும் படத்தில் வந்து சேர்ந்தது. கவிஞர்களுக்கு இதைவிட விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

விலகி நிற்பது நம் மக்களுக்குப் புதிதன்று. வேடந்தாங்கலில் கரைமேல் நின்று, நீருக்கு அப்பாலுள்ள மரங்களில் அமர்ந்த பறவைகளைக் காண்கிறோம். இடையிலுள்ள நீரே காவல். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்கள் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளிருக்கும் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. அவ்விடம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஊரார் அவற்றைக் காத்து வந்தனர். காட்டுப்பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைப்பது வேட்டைக்குச் சமம் என்று 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் தாளில் எழுதியதைப் படிப்பறியா மக்கள் வழக்கத்தில் வைத்திருந்தனர். படித்த நான் இரண்டையும் மீறினேன்.

எனவே, படத்தைப் பகிர்வது பற்றிச் சில சொற்கள். நம் வட்டத்தில் ஓர் அமர்வில் ஒருவர் இரு கவிதைகளுக்கு மேல் படிக்கலாகாது என்பது தொடக்க நாள் முதல் உள்ள விதி. அவ்விதியால் நாம் தேர்ந்தெடுக்கக் கற்றோம். ஒளிப்படத்துக்கும் அது பொருந்தும். நாற்பது படங்களை அனுப்புபவன் தன் வேலையைப் பார்ப்பவர் தலையில் ஏற்றுகிறான். ஒன்றை அனுப்புங்கள். அதனோடு பறவையின் தமிழ்ப் பெயரை எழுதுங்கள். நம் கவிதைகளில் இன்னும் 'ஒரு பறவை' என்றே பறந்துகொண்டிருக்கும் உயிர்களுக்கு அதனால் பெயர் கிடைக்கும். குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்ததா, கூண்டில் இருந்ததா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

ஆனால் கூடு இருக்கும் இடத்தை எழுதாதீர்கள். மாவட்டத்தின் பெயர் போதும். கைபேசியில் எடுக்கும் படத்தினுள் இடக்குறிப்பு தானே பதிந்திருக்கக்கூடும். அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டும் 'ஈபேர்ட்' தளமே, ஆபத்துக்குள்ளாகக்கூடிய சில இனங்கள் காணப்பட்ட இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. அறிவியலுக்கே அத்தகைய அடக்கம் வேண்டியிருக்கும்போது, பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் நமக்கு எவ்வளவு வேண்டும்!

"இடத்தை மறைப்பது தன்னலம் ஆகாதா? அழகைக் காண எல்லார்க்கும் உரிமை இல்லையா?" என்று சென்ற திங்கள் நம் இளங்கவிஞர் ஒருவர் கேட்டார். நல்ல வினா. வயலும் அருவியும் எல்லார்க்கும் உரியவை. அங்கே அழைத்துச் செல்வோம். கூடு என்பது காட்சிப் பொருள் அன்று; அது ஒரு குடும்பத்தின் வீடு. ஒரு வீட்டின் முகவரியைக் கொடுக்கும் உரிமை அவ்வீட்டாருக்கே உண்டு. அவர்கள் வாய் திறந்து நம்மிடம் சொல்வது ஒன்றே: 'விலகிப் போ' என்பது. அது கேட்டும் கேளாதவனாக நான் ஒருமுறை இருந்துவிட்டேன்.

அன்பர்களே, வில்லை வாங்குங்கள். உங்களால் இயன்ற அளவு நீண்டதாக வாங்குங்கள். இயலாவிட்டால் பறவையைச் சிறிதாகவே எடுங்கள். சிறிதாக எடுத்த படத்தில் ஊரும் பருவமும் இடம்பெறும். அடுத்த திங்கள் முதல் நம் கூட்டத்தின் இறுதியில் உறுப்பினர் ஒருவரின் ஒரு படத்தைத் திரையிட்டு, கவிதையைப் போலவே அதையும் ஆராய்வோம் என்று செயலாளர் இசைந்துள்ளார். முதற்படமாக அந்த உடைமரத்தடியில் எடுத்ததைத் தருகிறேன். எந்தக் குளம் என்று மட்டும் கேட்காதீர்கள்.