தூக்குதல் வேறு, தாங்குதல் வேறு

மாட்டு வண்டியின் சில்லைக் கழற்றி அச்சுக்கு மசகிட விரும்புவோன், முதலில் வண்டியின் கீழ் ஒரு முட்டுக்கட்டையை நிறுத்துவான். தோள் கொடுத்து வண்டியைத் தூக்குபவர் எத்துணை வலியராயினும், அவருடைய தோளை மட்டும் நம்பி அறிவுடையோர் எவரும் வண்டியின் அடியிற் கை வைப்பதில்லை. தூக்குவது ஒரு தொழில். தூக்கியதைத் தாங்கி நிற்பது மற்றொரு தொழில். மோட்டார்க் காருக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆயினும், ‘ஜாக்’ என்னும் சிறு கருவி பெருஞ் சுமையை எளிதாகத் தூக்கிவிடுவதால், அதுவே அதனைத் தாங்கியும் நிற்கும் என்ற மயக்கம் பலருக்கு உண்டாகின்றது. அம்மயக்கத்தின் விலை சில வேளைகளில் ஓர் உயிராகவும் இருக்கக்கூடும்.

தமது வாகனத்தைத் தாமே பேணிக்கொள்ளும் வழக்கம் இலங்கையருக்குப் புதியதன்று. பொருளாதாரத் தடை நிலவிய 1990 களில், யாழ்ப்பாணத்திலே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்த நேயர்கள் மறந்திரார். பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில் உள்ள வாகனத்தையே ஓட்டிக் காக்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. எஞ்சின் ஒயிலை மாற்றுவது, பிறேக்கைச் சோதிப்பது, சில்லுகளை இடம் மாற்றுவது ஆகிய பணிகளை ஒருவர் தமது வீட்டு முற்றத்திலேயே செய்து கொள்வது பாராட்டத்தக்கதே. ஆனால் கராஜிலே காரைத் தூக்கி நிறுத்தும் பெரும் பொறியும், மனிதர் இறங்கி நின்று வேலை செய்யும் குழியும் உண்டு. வீட்டிலோ, காரின் பின்பெட்டியிற் கிடக்கும் ஜாக் ஒன்றே துணை.

அந்த ஜாக் எதற்காகத் தரப்பட்டது? வழியிற் காற்றுப்போன சில்லைக் கழற்றி, மற்றொன்றைப் பூட்டுவதற்காகவே தரப்பட்டது. அதற்கு வேண்டிய சில நிமிடங்கள் காரின் ஒரு மூலையை உயர்த்தி வைப்பதே அதன் கடமை. மனிதன் காரின் அடியிற் புகுந்து ஒரு மணி நேரம் வேலை செய்வதற்காக அஃது ஆக்கப்படவில்லை. மொறிஸ் மைனர் என்னும் சிறு காரே ஏறக்குறைய முக்கால் தொன் நிறையுடையது. இக்காலத்துக் கலப்பு மின்கார்கள் பலவோ ஒரு தொன்னையும் கடந்து நிற்பன. அந்நிறையில் ஒரு பகுதி மார்பின்மேல் இறங்கினாலும் மூச்சு விட இயலாது. எலும்பு முறியாவிடினும், மூச்சடைப்பினாலேயே சில நிமிடங்களில் உயிர் பிரியலாம்.

ஜாக் வகைகளுட் பெரும்பான்மையாகக் காணப்படுவன இரண்டு. ஒன்று, கத்தரிக்கோல் போல விரிந்து உயரும் திருகு ஜாக். திருகின் புரிகள் சுமையைப் பிடித்து நிற்பதால் இது தானாகக் கீழிறங்குவது அரிது. ஆனால் இதன் அடித்தட்டு உள்ளங்கையளவே அகலமானது. கார் முன்னோ பின்னோ சிறிது நகர்ந்தாலும் ஜாக் சாயும். சாயத் தொடங்கினால் நில்லாது. மற்றையது எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் தேசத்துப் பஸ்கால் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795 இல் நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். இன்றைய எண்ணெய் ஜாக் அதன் வழிவந்ததே.

அதன் செயலை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். கைப்பிடியை 20 கிலோகிராம் விசையோடு அழுத்துவதாகக் கொள்க. நெம்பு அதனை 10 மடங்காக்கினால், சிறிய பிஸ்ரனின்மேல் 200 கிலோகிராம் விசை சேரும். பெரிய பிஸ்ரனின் பரப்பு சிறியதைப்போல் 10 மடங்காயின், அது 2000 கிலோகிராமைத் தூக்கும். ஒரு கை வலிமை இரண்டு தொன் வலிமையாகின்றது! ஆனால் இவ்வளவு சுமையும் நிற்பது எதன்மேல்? எண்ணெயைக் கசியாமற் காக்கும் சிறு வளையத்தின்மேலும், எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் ஒரு திருகின்மேலுமே நிற்கின்றது. வளையம் தேய்ந்திருந்தால் கார் மெல்ல மெல்லத் தாழும். காலோ கருவியோ பட்டு அத்திருகு தளர்ந்தால் ஒரு நொடியிற் கீழே விழும். எனவே, எந்த வகை ஜாக்காயினும் தூக்குவதற்கு மட்டுமே உரியது.

கார் நகர்வது எவ்வாறு என்பதையும் ஈண்டு நோக்க வேண்டும். கைப்பிறேக்கை இழுத்து, கியரிலும் விட்டுவிட்டால் கார் அசையாது என்று பலர் நம்புகின்றனர். நான்கு சில்லுகளும் தரையில் இருக்கும்வரை அந்நம்பிக்கை பெரும்பாலும் சரியே. ஒரு சில்லு தரையை விட்டெழுந்ததும் நிலைமை மாறும். பெரும்பாலான கார்களிற் கைப்பிறேக் பின்சில்லுகளை மட்டுமே பற்றும். ஆகவே, பின்புறம் முழுவதையும் உயர்த்தினால் அதன் பிடி வீணாகின்றது. கியரின் பிடியும் அவ்வாறே ஏமாற்றக்கூடும். இயக்கும் சில்லுகள் இரண்டில் ஒன்று முன்னோக்கிச் சுழல, மற்றொன்று பின்னோக்கிச் சுழல இடங்கொடுக்கும் பல்லிணைப்பு அவற்றின் இடையே உண்டு. அவ்விரண்டில் ஒன்று அந்தரத்தில் நின்றால், அது ஒருபுறம் சுழல, தரையில் உள்ளது மறுபுறம் உருளலாம். கியர் அதனைத் தடுக்காது. மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் கைப்பிறேக்கும் கியரும் பின்சில்லுகளையே சார்ந்தவை. அவற்றின் பின்புறத்தைத் தூக்கியபின், முன்சில்லுகள் இரண்டையும் தடுப்பார் எவருமில்லை.

ஆகலின், எந்தக் காரானாலும், எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும், தரையில் நிற்கும் சில்லுகளின் முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை வைத்து இறுக்குவதே மாறாத முதல் விதி. வட்டமான கல் உதவாது. சில்லின் வளைவோடு பொருந்தும் சரிவான மரக்கட்டை வேண்டும்.

இரண்டாவது, நிலம். சமமான சீமெந்துத் தரையே சிறந்தது. சரிவான வழியில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. மழையில் ஊறிய முற்றமும் உதிரி மணலும் ஜாக்கின் அடியைத் தம்முள் விழுங்குவன. நண்பகல் வெயிலில் இளகிய தாரிலும் இரும்புக் கால்கள் புதையும். நிலம் உறுதியாக இருந்தும் மேற்பரப்பு மென்மையாயின், தடித்த அகன்ற பலகையொன்றை அடியில் இடலாம். நிலமே உறுதியற்றதாயின் வேறிடம் தேடுவதே அறிவு.

மூன்றாவது, ஜாக்கை வைக்கும் இடம். கதவுகளின் கீழ் ஓடும் விளிம்பில், முன்சில்லுக்குச் சற்றுப் பின்னும் பின்சில்லுக்குச் சற்று முன்னும் அதற்கென வலுப்படுத்திய இடங்கள் பெரும்பாலான கார்களில் உண்டு. காரோடு வந்த கைந்நூல் அவற்றைக் காட்டும். ஒயில் தொட்டியின் அடியிலோ, பெற்றோல் தாங்கியிலோ, மெல்லிய தரைத்தகட்டிலோ ஜாக்கை வைத்தல் ஆகாது. பழைய காராயின் அவ்விளிம்பு துருவேறியுள்ளதா என்று திருகாணிச் செலுத்தியால் குத்திப் பார்த்தல் வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இச்சோதனை மிகவும் இன்றியமையாதது. வெளியே வண்ணம் மினுமினுக்க, உள்ளே இரும்பு தாளாகிக் கிடக்கலாம்.

சில்லைக் கழற்ற வேண்டுமாயின், சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றளவு தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பின்னர் முழு வலிமையோடு நட்டை இழுப்பது காரை ஜாக்கிலிருந்து தள்ளுவதற்கு ஒப்பாகும்.

காரைத் தூக்கியாயிற்று. இனித் தாங்குவது எது? கடைகளில் ‘ஜாக் ஸ்ராண்ட்’ என்று கேட்டால் கிடைக்கும் இரும்புத் தாங்கிகளே அதற்குரியவை. அவற்றைச் சோடியாக வாங்கி, இரு பக்கத்திலும் ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு நிறை தாங்கும் என்பது அவற்றின் மேலே பொறிக்கப்பட்டிருக்கும். தாங்கியைக் காரின் வலுவான சட்டத்தின் கீழ் வைத்து, ஜாக்கை மெல்ல இறக்கி, காரின் நிறை முழுவதும் தாங்கியின்மேல் அமர விடுதல் வேண்டும். பின்பு பக்கத்தில் நின்று காரைக் கையால் நன்றாகக் குலுக்கிப் பார்க்க வேண்டும். விழுவதாயின் அப்போதே விழட்டும். அடியில் எவரும் இல்லை.

தாங்கிக்குப் பதிலாகச் சீமெந்துக் கல்லை அடுக்குவது பல வீடுகளிற் காணப்படும் தீய வழக்கம். துளையுள்ள அக்கல், சுவரிற் பரவலாக வரும் சுமையைத் தாங்குமேயன்றி, ஒரு புள்ளியில் இறங்கும் சுமையைத் தாங்காது. மரம் முறியுமுன் நெரியும் ஒலியாவது கேட்கும்; கல்லோ யாதொரு அறிவிப்புமின்றி நொறுங்கும். செங்கல் அடுக்கும் அத்தகையதே. உருண்டையான தென்னங்குற்றியும் பனங்குற்றியும் உருளும் இயல்பின.

நல்ல தாங்கியையும் முற்றாக நம்பிவிடலாமா? 2020 ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட 3 தொன், 6 தொன் தாங்கிகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை, பற்கள் வழுவக்கூடும் என்ற காரணத்தால் மீளப் பெறப்பட்டன. அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றுள் சிலவும் ஒட்டுக் குறைபாட்டினால் அதே ஆண்டில் மீளப் பெறப்பட்டன. எனவே, இரண்டாவது காவல் ஒன்று எப்போதும் வேண்டும். கழற்றிய சில்லையோ மேலதிகச் சில்லையோ காரின் விளிம்பின் கீழ் படுக்க வைத்தால், தாங்கி தவறினாலும் சிறிது இடைவெளி எஞ்சும். அவ்விடைவெளியே உயிரின் இடம். ஜாக்கையும் அகற்றாமல், காரைச் சற்றே தொட்டவாறு விட்டுவைக்கலாம்.

ஒயில் மாற்றுவது மட்டுமே நோக்கமாயின், ஜாக்கே வேண்டியதில்லை. முன்சில்லுகளை ஏற்றி நிறுத்தும் சரிவுத் தட்டுகள் இரண்டும், பின்சில்லுகளுக்கு ஆப்புக்கட்டைகளும் போதும். ஏற்றும்போது சில்லு தட்டைக் கடந்து மறுபுறம் விழாதவாறு ஒருவர் பக்கத்தில் விலகி நின்று வழிகாட்டுதல் நன்று. காரின் நேர் முன்னே எவரும் நிற்றல் கூடாது.

கலப்பு மின்கார் வைத்திருப்போர் மேலும் ஒன்றை நினைவிற் கொள்க. எஞ்சின் ஓசையின்றி இருப்பதால் கார் அணைந்துவிட்டது என்று எண்ணலாகாது. ஓடுவதற்கு ஆயத்தமான நிலையில் விட்டிருந்தால், பற்றரியின் மின் குறைந்ததும் எஞ்சின் தானாகவே இயங்கும். ஆகையால் முற்றாக அணைத்து, திறப்பைக் காரிலிருந்து எட்ட வைத்துவிட வேண்டும். செம்மஞ்சள் உறையிட்ட மின்கம்பிகள் உயர் அழுத்தம் உடையவை. அவற்றைத் தீண்டுதல் ஆகாது.

தனித்திருந்து இவ்வேலையைச் செய்தல் நன்றன்று. கூப்பிட்டாற் கேட்கும் தொலைவில் வீட்டார் ஒருவர் இருத்தல் வேண்டும். பிள்ளைகள் காரினுள் ஏறவோ கதவைச் சாத்தவோ விடக்கூடாது. தப்பித் தவறி ஒருவர் அகப்பட்டுக் கொண்டால், அவரைப் பிடித்து இழுக்க முயலாது, ஜாக்கால் காரை மீண்டும் தூக்கி, முட்டுக் கொடுத்து, அதன் பின்னரே வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் தூக்கும்போதே மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால், கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும். இவற்றை வேலை தொடங்குமுன்னரே வீட்டிலுள்ளோருக்குச் சொல்லி வைப்பது கடமையாகும்.

இவ்வளவு முன்னேற்பாட்டுக்கும் செல்லும் நேரம் கால் மணிக்குச் சற்றே மேலாகலாம். ‘ஒரு நட்டுத்தானே, ஒரு நிமிடந்தானே’ என்று அடியிற் புகுவோர் மிச்சம் பிடிப்பது அக்கால் மணி நேரத்தை மட்டுமே. ஜாக் தூக்கட்டும்; தாங்கி தாங்கட்டும்; அதன் பின்னரே மனிதன் குனியட்டும். இம்முறை மாறாதிருக்கும் வீட்டில், வேலை முடிந்ததும் கையிற் படிந்த ஒயிலைக் கழுவிவிட்டு, அவரும் மற்றவர்களோடு சோறுண்ண அமர்வார்.