இளங்குடிப்பட்டியில் மண் குதிரைகள்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் நமணசமுத்திரம் வரும். அதன் பக்கத்தில் உள்ள இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்கு இன்று போவோம். காய்ந்த செம்மண் வெளிக்கு நடுவே ஒரு தீவு மாதிரி இருக்கிறது இந்தக் கோயில்காடு. கோடரி படாத மரங்கள். நிழலுக்குள் நுழைந்ததும் பாதையின் இருபுறமும் சுடுமண் குதிரைகள், வரிசை வரிசையாக.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். கழுத்தில் மணிமாலை, சலங்கை. மார்பில் பிதுங்கிய கண்களோடு சிம்ம முகம். பற்கள் தெரியக் கனைக்கிறது ஒன்று. அடுத்ததன் முகத்தில் அவ்வளவு சாந்தம். ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பது உடனே புரிந்துவிடும்.

இவற்றைச் செய்பவர்கள் மண்பாண்டத் தொழில் செய்யும் வேளார்கள். அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பு விழா என்று ஊர் கூடி முடிவானதும், வேளார் கையில் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நான்கு கால்களை நிறுத்துவார்கள். அவை சற்று இறுகியபின் வயிறு, பிறகு கழுத்து, கடைசியில் தலை. அவசரப்பட்டால் மேல் பாரம் தாங்காமல் கால் நெளிந்துவிடும். உள்ளே முழுவதும் கூடு. இல்லையென்றால் சுடும்போது வெடிக்கும். பிறகு வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி, மேலே மண் பூசிச் சுடுவார்கள். குறித்த நாளில் கண் திறந்து, ஊரார் தோளில் சுமந்து, கொட்டு முழக்கத்தோடு கோயிலுக்குக் கொண்டுவருவார்கள்.

கூட்டாகக் கலை செய்வது என்றதும் எனக்குச் சோழமண்டலம் நினைவுக்கு வருகிறது. சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் கூடி 1966-இல் அந்தக் கலைக்கிராமத்தை உருவாக்கினார்கள். நாம் கொண்டாட வேண்டிய முயற்சி அது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நம் வேளார்கள் குதிரைகளைக் கூட்டாகச் செய்து, ஊரார் கண்முன் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இதையும் கலைக்கண்காட்சி என்றே நான் சொல்வேன். யார் செய்தது என்று எந்தக் குதிரையின் அடியிலும் பெயர் இல்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். உடைந்ததை யாரும் அகற்றுவதில்லை. பக்கத்தில் புதியது வந்து நிற்கும், பழையது மெல்லச் சிதைந்து மண்ணோடு சேரும்.

நேரமிருந்தால் கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்துக்கும் போங்கள். அங்கே பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்த ஒற்றைக் குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் குவிந்து அதன் உடம்பே மறைந்துபோகும். இது சுடுமண் அல்ல, சுதை வேலை.

இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரைகள் வந்துவிட்டன. நீடித்து நிற்கும் என்கிறார்கள். வேளாரின் விரல் தடம் அதில் எங்கே இருக்கிறது? மண்பாண்டத் தொழிலுக்குக் கண்மாய்களில் களிமண் எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமில்லாமல் அனுமதி பெறலாம் என்று 2024-இல் அரசு அறிவித்தது நல்ல செய்தி. மண்ணுக்கு வழி பிறந்திருக்கிறது; பிடிமண் கொடுக்க வேண்டியது ஊர்கள்தான்.